வளவாளர் வருகிறார்

லக்கல பல்லேகம போன்ற பின்தங்கிய பிரதேசங்களின் சிறு நூலகங்களை முன்னேற்றியே தீருவது என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது. எப்போது முடிவானது என்று கேட்காதீர்கள். அது வருடா வருடம் முடிவாகிற காரியம். எப்படி முன்னேற்றுவது என்பதிலும் குழப்பம் இல்லை. புத்தகம் வாங்கலாம் என்றால் ஒதுக்கீடு இல்லை. ஆள் போடலாம் என்றால் ஆட்சேர்ப்புக்குத் தடை. கூரை ஒழுகுகிறதே என்றால் அது வேறு செலவுத் தலைப்பு. ஆகவே, இருக்கிற ஒரே ஆளைக் கூப்பிட்டு, நீ இன்னும் திறமையாக வேலை செய்ய வேண்டும் என்று புத்தி சொல்லி அனுப்புவதுதான் மிச்சம் இருக்கும் வழி. அதற்குச் செயலமர்வு என்று பெயர். நடத்துபவர் வளவாளர். அவருக்குக் கொடுப்பனவு உண்டு.

மாத்தளைக்காரருக்கு நூலகத்தைப் பற்றி வகுப்பெடுக்க ஒருவர் வருவதே வேடிக்கைதான். மாத்தளை நகரத்திலிருந்து தம்புள்ளை வீதியில் கொஞ்சத் தூரம் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அரசன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே வந்த திரிபிடகத்தைப் பிக்குமார் அங்கே குகைகளில் இருந்து ஓலையில் எழுதினார்கள். பெரும் பஞ்சம் ஒன்று நாட்டைத் தின்று தீர்த்த காலத்தை ஒட்டிய வேலை அது. மனப்பாடம் செய்தவர் பட்டினியில் செத்தால் நூலும் அவரோடு போய்விடும் என்று பயந்தார்கள், எழுதினார்கள். பஞ்சத்திலும் ஓலைக்குக் குறைவில்லை. பிறகு 1848இல், மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த பிரித்தானியப் படை அந்த விகாரையின் ஏட்டுச் சேகரிப்பை அழித்தது. கிளர்ச்சித் தலைவர் வீர புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றதும் அதே வருடம்தான். வெள்ளைக்காரன் அயோக்கியன், சரி. ஆனால் நூலகம் ஒன்றை எதிரியின் பலம் என்று மதித்து அழித்தான். நம்முடைய சுதந்திர ஆட்சியாளர் நூலகத்துக்கு அந்த மரியாதையைக்கூடத் தருவதில்லை. 1981 யாழ்ப்பாணம் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஏறத்தாழ 97,000 நூல்களுக்கு நெருப்பு வைக்குமளவு மரியாதை கிடைத்தது. மற்ற ஊர்களில் நெருப்புக்கும் செலவில்லை. பட்டினி போட்டால் போதும்.

பல்லேகமவுக்கு வருவோம். மாத்தளையிலிருந்து றத்தோட்டை தாண்டி மலையேறி, றிவர்ஸ்டன் காற்றில் பஸ்ஸோடு சேர்ந்து ஒருமுறை ஆடி, பிட்டவல பத்தனப் புல்வெளியைக் கடந்து, இலுக்கும்புர வழியாக மறுபக்கம் இறங்க வேண்டும். இந்த நக்கிள்ஸ் மலைத்தொடரை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்தது. அதைப் பார்க்க வான் வானாக ஆட்கள் வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு மரபுரிமையில் கிடைத்த பங்கு, வந்தவர்கள் விட்டுப்போன போத்தலும் சொப்பிங் பைகளும்.

இந்த ஊருக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு பெருமை உண்டு. அரசாங்கம் இதைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தது. இங்கே ஓடும் களு கங்கை களுத்துறைக்குப் போகும் களு கங்கை அல்ல. இது அம்பன் கங்கையில் போய் விழுவது. மொறகஹகந்த–களு கங்கைத் திட்டத்தில் இதற்குக் குறுக்கே அணை கட்டி, 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பழைய நகரம் நீருக்குள் போனது. வயல் போனது, கடைத்தெரு போனது. பதிலுக்கு மேட்டில் ஒரு புதிய நகரம் எழுந்தது. அதற்கு லக்கல பசுமை நகரம் என்று பெயர். அணைக்குக் குவைத்திலும் சவுதியிலும் கடன் வாங்கினார்கள். வடமத்திய மாகாணத்து வயலுக்கும் வாய்க்கும் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. நான் பார்ப்பது அரசாங்கத்தின் கைத்திறனை. ஒரு நதியை நிறுத்தத் தெரிந்த அரசு இது. பொலிஸ் நிலையம், தபாற்கந்தோர், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம் என்று ஒரு ஊரையே வேரோடு பெயர்த்து நடத் தெரிந்த அரசு. இப்பேர்ப்பட்ட அரசிடம், ஒரு கிராமத்து நூலகத்துக்கு இரண்டாவது ஆள் ஒருவரைப் போடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். உடனே கண்ணைக் கசக்கும். நாடு ஏழை நாடு அல்லவா?

இனி நான் சொல்லப்போகும் லைப்ரரி மிஸ்ஸை பல்லேகமவில் தேடாதீர்கள். எந்தப் பிரதேச சபைக்குப் போனாலும் அவர் இருப்பார். வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு அவர் மிஸ். பேப்பர் பார்க்க வரும் கிழவர்களுக்கு மகள். சபைக்கு அவர் ஒரு சம்பள இலக்கம். காலையில் கதவைத் திறப்பவர், கூட்டுபவர், தினசரிகளுக்குச் சபை முத்திரை குத்தி மேசையில் விரிப்பவர், புத்தகம் கொடுப்பவர், வாங்குபவர், தண்டப்பணம் எழுதுபவர், கரையான் தேடுபவர், மழை வந்தால் இறாக்கையை இழுத்து நனையாத மூலைக்குத் தள்ளுபவர், எல்லாம் அவர்தான். முதுகு பிய்ந்த நாவல்களுக்குச் சீமெந்துப் பையின் உட்கடதாசியை வெட்டி அட்டை போட்டு, சாக்குத் தைக்கும் நூலால் தைத்து வைத்திருக்கிறார். ஒரு புத்தகத்தைத் திறந்தால் உள்ளே ஒட்டிய திகதித் தாளில் நான்கு முத்திரைகள். மூன்று பழையவை, ஊதா மங்கிப் பழுப்பேறியவை. நாலாவது போன கிழமையுடையது. இடையில் அந்தப் புத்தகம் ஏன் போகவில்லை என்றால், ஏழு பக்கம் கழன்று கிடந்தது. மிஸ் அவற்றைக் கூழ் காய்ச்சி ஒட்டிய பிறகுதான் அதற்கு நாலாவது வாசகர் கிடைத்தார். கூழ் காய்ச்சிய மாவும் அடுப்பும் மிஸ்ஸின் வீட்டுச் செலவு.

இந்த மனுசிக்குத்தான் தொழில்வாண்மை போதாதாம்.

செயலமர்வுக்கு அழைப்பு வரும். பெரும்பாலும் நடக்கும் நாளுக்கு முதல் நாள், பெக்ஸில். கொழும்பிலோ கண்டியிலோ காலை எட்டரைக்குப் பதிவு. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர் முந்திய நாளே பஸ் ஏற வேண்டும், இரவு யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் படுக்க வேண்டும். சுற்றுநிருபம் எழுதியவருக்கு இது தோன்றாது. அவர் கடைசியாக பஸ் ஏறிய வருடம் அவருக்கே ஞாபகமில்லை. மிஸ் போகும் நாளில் நூலகத்துக்குப் பூட்டு. வாசகர் சேவையை மேம்படுத்துவது எப்படி என்று கற்க, வாசகர்களை வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறார்.

மண்டபம் குளிரூட்டப்பட்டது. குத்துவிளக்கு, தேசிய கீதம், வரவேற்புரை, பிரதம அதிதிக்கு வெற்றிலை, பிரதம அதிதி பேசி முடித்துப் போகும்வரை மல்ரிமீடியாவுக்கு ஓய்வு. அவர் போனதும் வளவாளர் எழுவார். முதல் ஸ்லைட்டில் ஹெல்சிங்கி நகரத்து ஊடி நூலகம். 2018 டிசம்பரில் திறந்தது, கப்பல் போல மரமும் கண்ணாடியும். உள்ளே முப்பரிமாண அச்சு இயந்திரம், தையல் இயந்திரம், பாட்டுப் பதிவு அறை. "நாம் ஏன் இப்படிச் சிந்திக்கக் கூடாது?" என்று கேட்பார். நல்ல கேள்வி. பின்லாந்தில் நூலகச் சேவை நடத்துவது நகரசபையின் சட்டக் கடமை. இஷ்டம் இருந்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற பேச்சே அங்கே இல்லை. அந்தச் சட்டத்துக்கு ஸ்லைட் கிடையாது. கட்டடத்தின் படம் மட்டும் வந்தது.

அடுத்த ஸ்லைட்டில் பொது நூலகங்களுக்கான யுனெஸ்கோ பிரகடனம். 1949இல் முதலில் வந்தது. சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனத்தோடு சேர்ந்து 1994இலும் 2022இலும் புதுப்பித்தார்கள். நூலகருக்குத் தொடர் தொழிற்கல்வி இன்றியமையாதது என்று 1994 பிரகடனம் சொல்கிறது. இந்த வரி தடித்த எழுத்தில், சிவப்பில், கீழே கோடு போட்டு வரும். பொது நூலகம் உள்ளூர் அரசும் தேசிய அரசும் சுமக்க வேண்டிய பொறுப்பு என்றும், அதற்கென்று தனிச் சட்டமும் நிதியும் வேண்டும் என்றும் அதே பிரகடனம் சொல்கிறது. அந்த வரி கண்ணில் படவில்லை. நூலகர் செய்ய வேண்டியது மட்டும் ஞாபகம் இருக்கிற, அரசு செய்ய வேண்டியது மறந்துபோகிற ஒரு விசேஷ மறதி நோய் இது. வைத்தியம் தேவைப்படுவது யாருக்கு?

பிறகு சமூக நிகழ்ச்சித் திட்டங்கள். சிறுவருக்குக் கதை நேரம், முதியோர் ஒன்றுகூடல், தாய் சேய் வாசிப்பு வட்டம், இளைஞருக்குத் தொழில் முயற்சி மூலை, டிஜிட்டல் அறிவு, வீட்டுத்தோட்டம், மூலிகை, மன அழுத்த நிவாரணம். குழுவாகப் பிரிந்து பெரிய தாளில் மார்க்கர் பேனையால் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மிஸ்ஸும் எழுதினார். கடைசியில் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது கவுண்டரில் யார் இருப்பது?"

"அதுதான் தொண்டர்கள்! சமூகத்தை உள்வாங்க வேண்டும் மிஸ். ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இல்லையா?"

"இருக்கிறார்கள் சேர். தொண்டர் கையில் ஒரு புத்தகம் காணாமற்போனால் யார் சம்பளத்தில் வெட்டுவது?"

வளவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் இடைவேளை.

அந்தக் கேள்விக்குள்தான் எல்லாம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பொருட்கணக்கெடுப்பு வரும். சேர்வுப் பதிவேட்டை விரித்து, கதிரை, மேசை, விளக்குமாறு, நாவல் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு எண்ணுவார்கள். விளக்குமாறு தேயலாம், மன்னிப்பு உண்டு. நாவல் குறைந்தால் விளக்கக் கடிதம். அரச சொத்து நட்டம், பொறுப்பான உத்தியோகத்தர் பதில் சொல்ல வேண்டும். பத்துப் பிள்ளைகள் மாறி மாறி வாசித்து, பதினோராவது பிள்ளையின் வீட்டில் மழைவெள்ளத்தில் ஊறிப்போன கதைப்புத்தகம் கணக்காய்வுப் பார்வையில் ஒரு குற்றம். ஒருவருமே தொடாமல் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் மஞ்சளாகி, ராமபாணப் பூச்சி ஓட்டை போட்ட கலைக்களஞ்சியம் குற்றமற்றது. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே! இந்த நாட்டில் ஒரு நூலகருக்கு மிகவும் பாதுகாப்பான நூலகம், யாருமே வராத நூலகம்தான். வாசகரை அழை, அழை என்று ஒரு கந்தோர் பயிற்சி கொடுக்கிறது. வந்த வாசகரால் ஆன நட்டத்துக்கு இன்னொரு கந்தோர் விளக்கம் கேட்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கம்.

பக்கத்து நாட்டுக் கணக்குப்பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் புத்தி உண்டு. இந்திய மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதியைப் பாருங்கள். வருடத்தில் வாசகர் கைக்குப் போகும் ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் தொலைவது இயல்பான இழப்பு, மோசடியோ கவனக்குறைவோ இல்லாதவரை நூலகரின் கழுத்தைப் பிடிக்காதே என்பது அதன் சாரம். புத்தகம் என்பது கைமாறித் தேயும் பொருள் என்று ஒரு நிதி விதி ஒப்புக்கொள்கிறது. ஐந்தே ஐந்து புத்தகத்துக்கான மன்னிப்பு ஐம்பது செயலமர்வுக்குச் சமம். அதற்கு ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் கையெழுத்துக்கு விளக்கேற்ற முடியாது, பொன்னாடை போர்த்த முடியாது.

பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியால் ஒரு மனிதன் எப்படி மாறுவான் என்பதற்குத் தமிழில் நல்ல உதாரணம் இருக்கிறது. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆள் வராத அறையில் சும்மா குந்தியிருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்பிவிடத் துடித்தார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாரும், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்ப்போம் என்று அனுப்பி வைத்தார்கள். போனார். யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்தார், இங்கிலாந்து நூலகங்களை ஏறி இறங்கிப் பார்த்தார், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டு நூற்பகுப்புக்கே புது வழி பிடித்தார். 1925இல் திரும்பி வந்தவர் 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் என்று ஓயவே இல்லை. அந்த 1931 ஒக்டோபரில்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாடும் வண்டியும் போகாத இடத்துக்கு இன்று நாம் "டிஜிட்டல் அணுகல்" அனுப்புகிறோம். அலைவரிசை மலையைத் தாண்டினால் போய்ச் சேரும். ஐம்பதுகளில் யாழ்ப்பாண நூலகம் கட்டியபோது ஆலோசனை கேட்கப் போனதும் அதே ரங்கநாதனிடம்தான்.

லண்டனுக்கு அனுப்பியவர்கள் திரும்பி வந்த ரங்கநாதனிடம், "படித்தாயிற்றல்லவா, இனி நீயே கூட்டு, நீயே பூட்டு, தொலைந்தால் நீயே கட்டு" என்று சொல்லவில்லை. நூலகத்தை நடத்தும் அதிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள், ஆள் கொடுத்தார்கள், வாசகர் நேரத்தை நீட்ட விட்டார்கள். நம்முடைய மிஸ்ஸுக்குக் கிடைத்ததைப் பார்ப்போம். ஒரு பைல், ஒரு பேனை, ஒரு துணிப்பை, லெமினேட் செய்த ஒரு சான்றிதழ். சான்றிதழுக்குச் சம்பள ஏற்றம் கிடையாது. பை மட்டும் உதவியது. அதில் இப்போது பேப்பர்க் கடையிலிருந்து தினசரிகள் வருகின்றன.

ரங்கநாதனின் அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய தமிழ்நாட்டில் தங்கமா என்று கேட்டால், இல்லை. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி வசூலிக்கிறார்கள்; வசூலித்ததை நூலகத்துக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது அங்கே பழைய செய்தி. ஆனாலும் நிலுவை என்று சொல்லி வாசலில் நின்று சத்தம் போடவாவது ஒரு சட்டம் இருக்கிறது. இங்கே நூலகத்துக்குச் சபை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டால், கொடுப்பதுதான் அளவு.

ஒக்டோபர் வந்தால் இந்தக் கொடைவள்ளல்களைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். 2004 தொடக்கம் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். மற்றப் பதினொரு மாதமும் வாசிக்காமல் இருப்பதற்கான மாதங்கள் போலும். பனர் அடிக்கக் காசு வரும். புத்தகம் வாங்கக் கேட்டபோது இல்லாத காசு பனருக்கு எங்கிருந்தோ வரும். பாடசாலையில் இருந்து, வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி, வாசிப்பின் அவசியம் பற்றிய கூட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கொண்டுவருவார்கள். வெயிலில் பேண்ட் வாத்தியம். ஒன்பது மணிக்கு வரவேண்டிய பிரதம அதிதி பதினொன்றேகாலுக்கு வந்து, தான் சிறுவயதில் குப்பி விளக்கில் படித்த கதையைச் சொல்வார். அதற்குப் பிறகு எதையும் படித்ததாக அவர் சொல்வதில்லை, அந்த நேர்மைக்குக் கைதட்டலாம். பேச்சுப் போட்டியில் வென்ற பிள்ளைக்குப் பரிசு சோற்றுப் பெட்டி. அந்தப் பேச்சையும், அதற்கு நடுவர் தந்த தீர்ப்பையும், தவிசாளரின் தலைமையுரையையும் எழுதிக் கொடுத்தது யார் என்று ஊகியுங்கள். மிஸ்தான். தமது சபை கடந்த வருடத்தில் நூலகத்துக்கு ஆற்றிய அளப்பரிய சேவைகள் என்ற பந்தியையும் அவர்தான் எழுதினார். இந்த மாவட்டத்தின் தலைசிறந்த கற்பனை இலக்கியம் அதுவே. கூட்டம் முடிந்ததும் படம் எடுத்து, படிவம் நிரப்பி, பங்குபற்றியோர் தொகையோடு மேலே அனுப்ப வேண்டும். படம் இல்லாவிட்டால் நிகழ்ச்சி நடக்கவில்லை என்று அர்த்தம். பின்னேரம் வந்து மூலையில் குந்தி ஒரு புத்தகத்தை முடித்துவிட்டுப் போன பெட்டைப்பிள்ளைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வாசிப்பைப் பற்றி இவ்வளவு உருகும் அதே அரசு, 2024 ஜனவரியில் புத்தகத்துக்கும் பதினெட்டு வீதம் பெறுமதி சேர் வரி போட்டது. ஏற்கெனவே கடதாசி விலையில் மூச்சுத் திணறிய பதிப்பாளர் கத்தினார்கள், வாசகர் கத்தினார்கள். அந்த ஒக்டோபரிலும் பனர் தொங்கியது.

இன்னொரு நாடகமும் உண்டு. செயலமர்வுகளில் நாளொன்றுக்கு நாற்பது தரம் உச்சரிக்கப்படுவது சமூகப் பங்கேற்பு. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரியில் காசில்லை என்றார்கள். மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் ஆயுள் முடிந்தது. 2024 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. வாக்குப்பெட்டி வந்தது 2025 மே 6. இரண்டு வருடத்துக்கு மேல், வாசிகசாலைக்கு மின்குமிழ் போடவில்லை என்று பிடித்துக் கேட்க ஊருக்கு ஒரு மெம்பர் இல்லை. சமூகத்தைச் சபைக்குள் விடாதவர்கள், சமூகத்தை நூலகத்துக்குள் கொண்டுவா என்று மிஸ்ஸுக்கு இலக்கு வைத்தார்கள்.

தமிழரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லேகமப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சொற்பம். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம், றத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருப்பவர்கள் நம்மவர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புக்குச் சபைக் காசைச் செலவழிக்க அது குறுக்கே நின்றது. வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம், ஒரு வாசிகசாலை கட்ட வரமுடியாது. இந்தக் கேவலத்தைத் திருத்த 2018 வரை, முப்பத்தொரு வருடம் எடுத்தது. அவ்வளவு காலமும் ஒரு வளவாளராவது "விளிம்புநிலைச் சமூகங்களை நூலகம் சென்றடைதல்" என்ற ஸ்லைட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பிரிவை எழுதிக் காட்டியிருப்பாரா? சட்டம் திருந்திய பிறகாவது தமிழ் இறாக்கை நிறைந்ததா என்று போய்ப் பார்த்தால், கட்சிக்காரர் அன்பளித்த தலைவரின் வாழ்க்கை வரலாறு ஏழு பிரதி, பழைய பரீட்சை வினாத்தாள், யாரோ வீடு மாறும்போது தள்ளிவிட்ட சோதிடம். நிகழ்ச்சித் திட்டம் என்னவென்றால், தைப்பொங்கலுக்கு நூலக வாசலில் கோலம் போட்டுப் படம் எடுப்பது. பொங்கல் நல்ல விஷயம். லயத்துப் பிள்ளை கேட்டது ஐந்தாம் வகுப்புக்கான கதைப்புத்தகம்.

ஆகவே நானும் ஒரு பயிற்சித் திட்டம் முன்மொழிகிறேன். மிஸ்ஸுக்கு இனிப் பயிற்சி வேண்டாம். அவர் கூழ் காய்ச்சி ஒட்டிய பக்கங்களே போதும். பயிற்சி பெற வேண்டியவர்கள் தவிசாளர்கள், செயலாளர்கள், மாகாண சபைக் கந்தோரில் ஒதுக்கீட்டை வெட்டும் சிவப்புப் பேனைக்காரர்கள், கணக்காய்வாளர்கள், முக்கியமாக வளவாளர்கள். இடம், மலைக்கு அப்பால் ஏதாவது ஒரு சிறு நூலகம். குளிரூட்டி இல்லை. அவரவர் காசில் பஸ்ஸில் வர வேண்டும், றிவர்ஸ்டன் வழியாக, நின்றுகொண்டு. விளக்கேற்றுவதற்குப் பதிலாகச் செத்துப்போன மின்குமிழை மாற்றலாம். குமிழ் கையோடு கொண்டு வரவும்.

காலை முழுக்க நூலகத்தைத் தனியாக நடத்த வேண்டும். பேப்பருக்குச் சண்டை பிடிக்கும் இரண்டு கிழவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே, சாதாரணதரப் பரீட்சைக்கு விஞ்ஞானப் புத்தகம் கேட்கும் பிள்ளைக்கு, பழைய பாடத்திட்டத்து நூலைக் கொடுத்து, இது இனி உதவாது என்பதை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது நடைமுறைப் பயிற்சி, புள்ளிகள் அதிகம். மத்தியானம் மலசலகூடம் எங்கே என்று கேட்பவருக்குப் பக்கத்துக் கடையைக் காட்டலாம். பின்னேரம் பதிவேட்டை விரித்து இருப்பைச் சரிபார்த்து, குறைந்த புத்தகத்தின் விலையைத் தம் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டச் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கணக்காய்வாளரும் வைக்க வேண்டும். குழுச் செயற்பாட்டுக்குத் தலைப்பு ஒன்றுதான்: பனருக்குக் காசு வந்த வழியைக் கண்டுபிடித்து, அதே வழியில் புத்தகத்துக்கும் கொண்டு வருதல்.

கொடுப்பனவு கிடையாது, சான்றிதழும் கிடையாது. எழுத்துப் பரீட்சை மட்டும் உண்டு. கேள்வி ஒன்றுதான்: உங்கள் சபையின் இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஒதுக்கிய தொகை எவ்வளவு? புத்தகத்தைப் பார்த்தும் எழுதலாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் விழித்தால், கவுண்டருக்குப் போய் மிஸ்ஸைக் கேளுங்கள். தொகையையும், அதில் இன்னும் வந்து சேராத மிச்சத்தையும் அவர் பதிவேட்டைத் திறக்காமலே சொல்வார்.